கடைசி இழுப்பு

ஜூன் 16, திங்கள்

இந்த டைரி ஸ்பேர்ஸ் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்தது. ஆறு மாதமாக மேசை ஆடாமலிருக்க அதன் காலுக்கடியில் கிடந்தது. இன்று உருவிவிட்டேன். வாயைத் திறந்தால் சண்டை வருகிறது, மூடிக்கொண்டிருந்தால் நெஞ்சு எரிகிறது. எழுதியாவது தொலைப்போம்.

விஷயம் என் சகலை சுயம்புலிங்கம். என் மனைவி சந்தனமாரியின் தங்கை முத்துக்கனியைக் கட்டியவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். கம்பெனியில் ஆட்குறைப்பு செய்ததும் பெண்டாட்டியோடு நேராக இங்கே வந்து இறங்கிவிட்டான். மாமனார் ஆதிலிங்கத்துக்கு ஆண்பிள்ளை கிடையாது. இரண்டு பெண்கள், ஒரு ஒர்க்‌ஷாப், அவ்வளவுதான். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில், முள்ளக்காடு தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம். கல்யாணமான நாளிலிருந்து அங்கே கிரீஸில் புரண்டவன் நான். இவன் வந்து ஒரு தீபாவளிதான் ஆகிறது. அதற்குள் "மாமா, மாமா" என்று குழைகிற குழைவைப் பார்க்க வேண்டுமே!

பெயர்தான் சுயம்பு. செய்வதெல்லாம் கம்பெனிக்காரன் சொல்லிக்கொடுத்தது.

ஜூன் 18, புதன்

எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் துருப்பிடிக்காதது மனுஷன் நாக்கு மட்டும்தான். வீல் நட்டைக் கழற்ற ஸ்பானரில் பைப்பைச் சொருகி அதன் மேல் ஆள் ஏறி நிற்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கு இன்ஜின் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு, கழற்றினால் பாதி கையோடு வரும், பாதி உள்ளேயே நிற்கும். இதற்குச் சுயம்பு ஒரு வைத்தியம் கொண்டுவந்திருக்கிறான். டப்பாவில் காப்பர் கிரீஸ். மரையில் இதைத் தடவி மாட்டினால் துரு ஏறாது, ஒட்டிக்கொள்ளாது, அடுத்த தடவை வெண்ணெய் மாதிரி கழன்று வருமாம். சின்ன பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி வைப்பதைப் போல ஒவ்வொரு மரையாகத் தடவுகிறான்.

அதற்குப் பிறகு டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று அதில் நம்பரைத் திருப்பி வைத்துவிட்டால் அந்த இறுக்கம் வந்ததும் "டக்" என்று சத்தம் போடும். இவன் அந்த நம்பரையும் கால் பங்கு குறைத்து வைக்கிறான். டக்கென்றதும் கையை எடுத்துவிடுகிறான்.

"என்னடே, அதுக்குள்ள கைய எடுத்துட்ட? சுட்டுட்டா?" என்று கேட்டேன்.

"கிரீஸ் போட்ட மரை வழுக்கும் அண்ணாச்சி. காஞ்ச மரைக்கு இழுக்கிற மாதிரி இழுத்தா உள்ள ரொம்ப இறுகிரும். அதான் கொறச்சு வைக்கேன்."

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் மாட்டினாலும் சரி, வண்டி வெளியே போகும் முன் பெரிய ஆள் வந்து ஒவ்வொரு நட்டிலும் ஸ்பானரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். கடைசி இழுப்பு என்போம். முன்னே மாமனார் இழுப்பார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு நான்தான். சுயம்பு டீ குடிக்கப் போன நேரத்தில் அவன் முடுக்கிய, உப்பு ஏற்றும் பெட்ரோல் குட்டி வண்டியில் பிளக்கு, வீல் நட்டு எல்லாவற்றிலும் ஒரு இழுப்பு இழுத்தேன். ஒவ்வொன்றும் இன்னும் கால் சுற்று வந்தது. கால் சுற்று! இதுதான் கம்பெனி வேலையின் லட்சணம்.

ஜூன் 19, வியாழன்

லாரி டிரைவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் காது கேட்க வந்து சொல்கிறான்:

"அண்ணாச்சி, ஒரு வார்த்த. நான் முடுக்குனதுக்கு மேல நீங்க இழுக்காதீங்க. மரை போயிரும்."

"நீ டவுசர் போட்டுட்டு அலையும்போதே நான் ஸ்பானர் புடிச்சவன். எனக்கு இழுக்கச் சொல்லித் தாரியாடே?"

"சொல்லித் தரல. கேட்டுக்கிடுதேன்."

"கேட்டுட்டல்லா? போ, போயி மருதாணி வைய்யி."

டிரைவர் சிரித்துவிட்டார். சுயம்புவுக்குக் காது வரை சிவந்தது. பிரஷ்ஷைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். இன்றைக்கு மத்தியானத்திலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஒர்க்‌ஷாப்பில் இரைச்சல் குறைந்தது.

ஜூலை 4, வெள்ளி

போன மாதம் சுயம்பு பிளக்கு மாற்றிய உப்பு வண்டி திரும்பி வந்தது. இன்ஜின் உதறுகிறது என்றார்கள். பிளக்கைக் கழற்றினால் ஹெட்டின் மரையும் சேர்ந்து சுருள் சுருளாக வெளியே வருகிறது. ஹெட்டை இறக்கி, மரையை வெட்டிப் பெரிதாக்கி, உள்ளே புது மரையுள்ள புஷ் போட வேண்டும். இரண்டு நாள் வேலை.

மாமனார் கத்தினார். எங்கள் மாமனார் கத்தினால் உப்பளத்தில் கொக்கு எழும்பும். நான் டப்பாவைக் காட்டினேன். "நான் சொன்னா மருமகன் சண்டைன்னு சொல்லுவீங்க மாமா. இந்தா பாருங்க, எல்லாம் இந்தச் சந்தனக் காப்பு பண்ணுத வேலதான்."

சுயம்பு என்னைப் பார்த்தான். நான் இழுத்ததை அவன் பார்த்திருப்பானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பார்த்தால்தான் என்ன? கடைசி இழுப்பு என் வேலை.

ஜூலை 5, சனி

பேச்சில்லை. ஸ்பானர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்கிறான். நானும் சுவரைப் பார்த்து "அங்கதான் கெடக்கு" என்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று காலையில் மாமனார் எங்கள் இரண்டு பேரையும் எதிரே நிறுத்திவைத்துச் சொன்னார்:

"ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டு ஒரே எடத்துல வேல பாக்க முடியாது. வருத வண்டிக்காரன் பூராவும் மொகத்தப் பாத்துட்டுப் போறான். ஆயுத பூச அன்னைக்கு ஒருத்தன் கையில சாவியக் குடுப்பேன். மத்தவன் வேற எடம் பாத்துக்கிடணும். எவன் பாத்த வண்டி திரும்பி வருதோ, அவன்தான் வெளிய. இதுல மூத்த மருமவன், எளைய மருமவன்னு ஒண்ணும் கெடையாது."

மூத்த மருமகன், இளைய மருமகன் கிடையாதாம்! இந்தத் தகரக் கொட்டகைக்குத் தூண் நட்டபோது குழி தோண்டியவன் நான். எனக்கு நாற்பத்தேழு வயது. வேறு தொழில் தெரியாது. வேறொருவன் பட்டறையில் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கவும் தெரியாது. இந்தச் சாவி இல்லையென்றால் நான் ஒன்றுமில்லை. சுயம்புவுக்கு என்ன, டார்க் ரெஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயும் போய்விடுவான்.

சந்தனத்திடம் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரு டீயக் குடிச்சுப் பேசிட்டாத்தான் என்ன? கிரீடமா எறங்கிரும்?" என்றாள். அப்பனுக்குத் தப்பாத மகள்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று ஒரு வேனின் வீலில் கடைசி இழுப்பு இழுக்கும்போது நட்டு ஏறுகிற ஸ்டட் கம்பி முறிந்து நட்டோடு கையில் வந்துவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் யாருமில்லை. முறிந்ததைத் துணியில் சுற்றிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"துருவுல முறியல இது. கழுத்தப் பாத்தீங்களா, பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிருக்கு. கிரீஸு போட்ட மரைய, கிரீஸு போடாத மாதிரி இழுத்திருக்கு. ஒண்ணு கிரீஸப் போடாதீங்க, இல்ல இழுப்பக் கொறைங்க."

"கிரீஸ் போட்டது எங்க சகலை" என்றேன்.

"சரி. இழுத்தது யாரு?"

அவசர வேலை இருக்கிறதென்று சொல்லி வந்துவிட்டேன். கடைசல் பிடிக்கிறவனுக்கு இந்தக் கேள்வியெல்லாம் எதற்கு? புது ஸ்டட்டை நானே மாட்டிவிட்டேன். மாமனாரிடம் அந்த வேன் சுயம்பு பார்த்த வண்டி, ஸ்டட் முறிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். இரண்டுமே உண்மைதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. சந்தனம் கூழ் காய்ச்சித் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பெண்கள் இரண்டு பேருக்கும் சண்டையே கிடையாது. அது ஒரு எரிச்சல்.

ஆகஸ்ட் 6, புதன்

ஒரு மாற்றம் தெரிகிறது. சுயம்பு முடுக்கிய நட்டில் ஸ்பானரைப் போட்டால், முன்பெல்லாம் கால் சுற்று வரும். இப்போது முக்கால் சுற்று வருகிறது. கையால் திருகி, ரெஞ்சால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுகிறான். "டக்" சத்தமே இப்போதெல்லாம் கேட்பதில்லை. முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இன்று அவன் முகத்தைக் கவனித்தேன். ஒரு வீலை மாட்டிவிட்டு, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டுமென்றே பின்கட்டுக்குப் போனான். நான் போய் இழுத்து முடித்ததும் வந்தான்.

புரிந்துவிட்டது. நான் எப்படியும் இழுப்பேன் என்று அவனுக்குத் தெரியும். என் இழுப்புக்கு இடம் வைத்து அவன் குறைத்து விடுகிறான். அவன் பாதி, நான் பாதி.

ஸ்டட் முறிவது நின்றுபோய்விட்டது. பிளக்கு மரை போவதும் நின்றுபோய்விட்டது. இது யாருடைய சாமர்த்தியம்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னை அவனுக்குக் கையாளாக வைத்துக்கொண்டான். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இழுக்காமல் விட்டால் என்ன என்று ஒரு வண்டியில் யோசித்தேன். குழந்தைகள் போகிற ஆட்டோ. இழுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாமனாருக்கு ஒரே சந்தோஷம். "இந்த மாசம் ஒரு வண்டி திரும்பி வரலய்யா. சுயம்பு கையி இப்பத்தான் நம்ம ஊருக்குப் பழகிருக்கு" என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னாராம். சுயம்பு கையாம்! அந்தக் கைக்கு மேலே ஒரு கை இருப்பது இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரன் என்னிடம் வந்து அதையே சிரித்துக்கொண்டு சொல்கிறான். கிளாஸை அவன் முகத்தில் வீசியிருப்பேன், சூடாக இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

மாமனார் சுயம்புவை ஸ்கூட்டர் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போனார். ஒர்க்‌ஷாப் இணைப்பைப் பேர் மாற்ற என்னென்ன வேண்டுமென்று கேட்டு வந்தார்களாம். முத்துக்கனி சந்தனத்திடம் சொல்ல, சந்தனம் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தாள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. அவன்தான் என்று முடிவாகிவிட்டது. வாய்விட்டுச் சொல்லத்தான் ஆயுத பூஜை.

செப்டம்பர் 11, வியாழன்

வீட்டு வேனுக்குச் சர்வீஸ். மாமனாருடைய பழைய ஆம்னி. சுயம்பு பிரேக் பார்த்தான், பிளக்கு மாற்றினான், நாலு வீலையும் கழற்றி மாட்டினான். வழக்கம்போல என் பக்கம் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனான்.

எனக்குத் தோள்பட்டை வலி. வேன் பக்கம் போகவில்லை.

மாமனார் தினமும் காலையில் அந்த வேனை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து முள்ளக்காடு மெயின் ரோட்டு டீக்கடை வரைக்கும் போவார். ரொம்பத் தூரமில்லை, நேர் ரோடு, மெதுவாகத்தான் போவார். வண்டி விஷயத்தில் அவருக்குப் பாம்புக் காது. ஒரு நட்டு இளகினாலும் வீல் பேசுவது அவருக்குக் கேட்டுவிடும். நாளைக்குக் காலையில் அவர் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்வார்.

செப்டம்பர் 12, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் மாமனாருக்கு இடுப்பு வலி. டீக்கடைக்குப் போகவில்லை. நான் பத்து மணி சுமாருக்குப் பைக்கில் தூத்துக்குடிக்கு ஸ்பேர்ஸ் வாங்கப் போய்விட்டேன். உடன்குடியில் மாமனாரின் தம்பி மகளுக்கு இன்று வளைகாப்பு. சந்தனமும் முத்துக்கனியும் பஸ்ஸில் போவதாகத்தான் பேச்சு. நான் கிளம்பும்போது இரண்டு பேரும் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போன பிறகு இவருக்கு இடுப்பு சரியாகிவிட்டது. "பொம்பளப் பிள்ளைகள் தாம்பாளத்தத் தூக்கிட்டு பஸ்ல அலையணுமா, ஏறுங்கட்டி" என்று வேனை எடுத்துவிட்டார்.

சந்தனம் எனக்குப் போன் பண்ணியிருக்கிறாள். கடையில் பேரிங் விலை பேசிக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. அவள் எதற்குக் கூப்பிட்டாலும் வெங்காயம் வாங்கி வரச் சொல்லத்தான் என்று ஒரு நினைப்பு.

ஆத்தூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வளைவில் இடது முன்வீல் கழன்று ஓடிவிட்டது. வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரோட்டை விட்டு இறங்கி, உப்பளத்து வாய்க்காலில் விழுந்துவிட்டது. சுயம்புதான் போன் பண்ணினான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "அண்ணாச்சி, வேன் கவுந்துட்டு."

பைக்கை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. பயந்தேன். அப்படி ஒரு பயம் எனக்கு அதுவரை வந்ததில்லை. ரோடு முழுக்க "சந்தனம், சந்தனம்" என்று சத்தம்போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

போனபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. ரோட்டில் வளையல் டப்பா உடைந்து, பச்சையும் சிவப்புமாகச் சிதறிக் கிடந்தது. வீல் தூரத்தில் உப்புப் பாத்திக்குள் போய்ப் படுத்திருந்தது. நான் வேன் பக்கம் போய்ப் பார்த்தேன். முன் டிரம்மில் நாலு ஸ்டட்டும் நேராக நின்றன. நட்டு ஒன்றுகூட இல்லை. மரை ஒன்றுகூடப் பழுதில்லை. காப்பர் கிரீஸ் புதிதாகப் பளபளவென்று இருந்தது. அதைக் கையால் துடைத்தேன். எதற்குத் துடைத்தேன் என்று தெரியவில்லை.

சந்தனத்துக்கு வலது முன்கை எலும்பு இரண்டும் முறிந்துவிட்டது. முத்துக்கனிக்கு நெற்றியில் தையல். மாமனாருக்குச் சிராய்ப்புதான். "வீலு கொஞ்ச நேரமாவே முணுமுணுத்துச்சு. ரோடு சரியில்லன்னு நெனச்சேன், புள்ளைகள் பேசிட்டே வந்தாளுவ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுபது வயதில் அவர் அழுது இன்றுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சந்தனத்தின் கைக்குத் தகடு வைத்து ஸ்குரு போட்டிருக்கிறார்கள். மயக்கம் தெளிந்து, மறுபடி கண்ணை மூடிக் கிடந்தாள். நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுயம்பு உள்ளே வந்தான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக இருந்தான். மெதுவாகத்தான் கேட்டான்.

"அண்ணாச்சி, நீங்க இழுப்பீங்கன்னுதான் நான் கொறச்சு விடுதேன். ஆடி மாசத்துலேர்ந்து அப்பிடித்தான். ஒங்களுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். அன்னைக்கு மட்டும் ஏன் இழுக்கல?"

"தோளு வலி."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"நீ சொன்னியா?"

தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான். திரும்பிப் பார்த்தால் சந்தனம் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

ஆஸ்பத்திரி வராண்டாவில் மாமனார் விசாரணை வைத்தார்.

"வீலு மாட்டுனது யாரு?"

"நான்தான் மாமா" என்றான் சுயம்பு.

"கடைசி இழுப்பு?"

சுயம்பு என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "அவன் முடுக்குன வண்டில நான் இழுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கான்லா மாமா. மரை போயிரும்னு சொன்னான். லாரி டிரைவர் ஒருத்தர் முன்னாடியே சொன்னான். வேணும்னா அவரக் கேளுங்க."

பொய் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மாமனார் சுயம்புவைப் பார்த்து, "அப்பிடிச் சொன்னியாடே?" என்றார்.

"சொன்னேன் மாமா."

அவன் வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நட்டைப் பாதியில் விட்டுவிட்டு மற்றவனை நம்பிப் பின்கட்டுக்குப் போனவன் என்று அவனேதான் சொல்லியிருக்க வேண்டும். மெக்கானிக் எவனும் அதை வாயால் சொல்ல மாட்டான். அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

சுயம்பு போய்விட்டான். ஆறுமுகநேரியில் சொந்தக்காரர் இடத்தில் சின்னதாகக் கடை போடுகிறானாம். டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டான். காப்பர் கிரீஸ் டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிட்டான். சந்தனம் டிஸ்சார்ஜ் ஆகித் தன் அப்பா வீட்டில் இருக்கிறாள். கை சரியாகும் வரைக்கும் என்றாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஸ்பானரையெல்லாம் கழுவி, பொட்டு வைத்து, பொரி கடலை வைத்துக் கும்பிட்டோம். மாமனார் சாவிக்கொத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். முன்பு மாதிரி சத்தமில்லை அவரிடம். "பாத்து நடத்துங்க" என்று சொல்லிவிட்டு, பூசணிக்காய் உடைக்கும்வரைகூட நிற்காமல் போய்விட்டார்.

நான் நினைத்தது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். சந்தனம் பூஜைக்கு வரவில்லை. தட்டில் இருந்த பொரியை நானே தின்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

சந்தனத்துக்குத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கையைக் காட்ட வேண்டிய நாள். காலையில் முத்துக்கனியோடு பஸ்ஸில் போய்விட்டதாகத் தெரிந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டுச் சந்தனம் தனியாக வெளியே வந்தாள், முத்துக்கனி மருந்துக்கடையில் நின்றாள். நான் வேனை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோனேன். பாடி தட்டி, பெயின்ட் அடித்து, புது வேன் மாதிரி பண்ணியிருக்கிறேன்.

"ஏறு" என்றேன்.

அவள் ஏறவில்லை. முன்வீலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான் முடுக்குனேன். ரெண்டு தடவ இழுத்துப் பாத்தாச்சு" என்றேன்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நாங்க இந்த வண்டில போவோம்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சந்தனம். செந்தூரான் மேல சத்தியமா தெரியாது. தெரிஞ்சா விட்ருப்பனா?"

மூன்று வாரமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் அது ஒன்றுதான். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாள் என்று முகத்தில் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க அப்பா ஏறுவாருன்னு தெரியும்லா?" என்றாள்.

பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். வழியை விடச் சொன்னான். வேனை ஓரமாக எடுத்துவிட்டேன். நிறுத்திவிட்டுப் பார்த்தால் அக்காளும் தங்கையும் ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள். திருச்செந்தூர் பஸ் வந்தது. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.

நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். முந்திப் போக எத்தனையோ இடமிருந்தது, முந்தவில்லை. முள்ளக்காட்டில் பஸ் நின்றது. அவள் அப்பா வீட்டுக்கு இறங்க வேண்டிய ஸ்டாப் அதுதான். இறங்கவில்லை. பஸ் ஒர்க்‌ஷாப்பையும் தாண்டிப் போனது. ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு உப்பு லாரிக்காரர் கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. ஆறுமுகநேரி வரைக்கும் போனேன். இரண்டு பேரும் அங்கே இறங்கி, சுயம்பு கடை போட்டிருக்கிற தெருவுக்குள் நடந்து போனார்கள். வேனைத் தெருமுனையில் நிறுத்தினேன். இறங்கிப் போய் என்னவென்று சொல்வது? அவள் கேட்டது அப்படியே நிற்கிறது.

திரும்பி வந்தபோது லாரிக்காரர் இன்னும் காத்திருந்தார். வீலை மாட்டி முடுக்கினேன். கடைசி இழுப்பும் நானே இழுத்தேன்.